தலைவரம்மாவுக்குப் பதக்கம் கேட்டோம்

புதிதாக வேலைக்கு வரும் உதவிப் பொறியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் ஊர்ப் பெயர் இருக்காது. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும். நீடாமங்கலத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஏதோ ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் வாய்க்காலுக்குப் பஞ்சமில்லை.

1. முதல் நாள் கிடைத்த வேலை

பாசனப் பிரிவு அலுவலகத்தில் சேர்ந்த அன்று என் பையில் மூன்று பொருள்கள் இருந்தன: அளவு நாடா, மழைக்கோட்டு, மதகு ஷட்டர் பராமரிப்பு பற்றி நானே எழுதி வைத்திருந்த குறிப்பு. மூன்றுக்கும் வேலை வரவில்லை. எங்கள் மேலதிகாரியான ஏ.இ.இ. சார் ஒரு படிவத்தை நீட்டினார்.

"தமிழ் நல்லா எழுதுவீங்களாம்மா?"

"எழுதுவேன் சார்."

"அப்ப இது உங்களுக்குத்தான். டெல்லியில ஒரு பதக்கம் குடுக்குறாங்க. தண்ணித் தகராறைப் பேசித் தீர்த்தவங்களுக்கு. நம்ம வசந்தா தலைவரம்மா பேரைப் போடலாம்னு இருக்கேன்."

வசந்தா அம்மா முன்னாள் ஊராட்சித் தலைவர். அந்த ஊராட்சியில் இரண்டு ஊர்கள். வாய்க்காலின் தலைப்பில் இருப்பது தலைமடை ஊர், கடைசியில் இருப்பது கடைமடை ஊர். தண்ணீர் குறைவாக வரும் வருடங்களில் தலைமடைக்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டை அடுக்குவார்கள். கடைமடைக்காரர்கள் கூட்டமாக வந்து பிடுங்குவார்கள். மண்டை உடையும், கேஸ் நடக்கும், நடவு கெடும். வசந்தா அம்மா பதவிக்கு வந்த பிறகு இது நின்றுபோனது. பதவி போன பிறகும் நின்றே இருந்தது. சாருக்கு அதுதான் ஆச்சரியம்.

அவர் கொண்டுவந்த ஏற்பாடு காகிதத்தில் எளிமையானது. முதலில் வரும் தண்ணீர் முழுவதையும் தலைமடை எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு, கடைமடைக்கு வேண்டிய நாற்றையும் தன் வயலிலேயே விட்டு வளர்க்கும். நாற்று பிடுங்கும் பருவத்துக்குள் தலைமடையில் நடவு முடிந்திருக்கும். மூட்டைகளை அவர்களே எடுத்துவிடுவார்கள். தண்ணீரும் நாற்றும் சேர்ந்தே கடைமடைக்கு இறங்கும்.

ஒரு பொறியாளராக எனக்கு இது மிகவும் பிடித்தது. தண்ணீரை நாற்றாக மாற்றி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். படிவத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

2. யார் முதலில் வந்தது

படிவத்தில் என்னை நிறுத்திய கேள்வி இது: சமரசத்துக்கு முதலில் முன்வந்த தரப்பு எது? எதிர்த்தரப்பைத் தலைவர் எவ்வாறு இணங்கவைத்தார்?

தலைமடையில் கோவிந்தராஜு என்ற பெரிய விவசாயியைக் கேட்டேன். போரடித்த வைக்கோலை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவர், வேலையை நிறுத்தாமலே சொன்னார்.

"அவங்கதான் ஆளனுப்புனாங்க. நாத்துக்குக்கூட தண்ணியில்ல, பாத்து செய்யுங்கன்னு. நமக்கும் மனசு கேக்கல. கேட்டு வந்தவனை எப்படிம்மா திருப்பி அனுப்புறது?"

கடைமடையில் ராமலிங்கம். டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க யார்கிட்டயும் போய் நிக்கல இன்ஜினியரம்மா. அவங்கதான் வந்தாங்க. கேஸு கோர்ட்டுன்னு அலைஞ்சு அலுத்துப்போயி, நாத்து விட்டுத் தர்றோம், பிரச்சினை வேண்டாம்னாங்க. தேடி வந்து குடுக்குறதை வேண்டாம்னா நல்லாருக்குமா?"

"உங்களை நேர்ல வந்து பார்த்தது யாருங்க?"

"அவங்க எங்க நேர்ல வருவாங்க? கௌரவம். தலைவரம்மாட்ட சொல்லி அனுப்புனாங்க."

கோவிந்தராஜுவிடமும் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "தலைவரம்மாதான் வந்து சொல்லிச்சு" என்றார்.

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் விஷயத்தில் முதலில் பேச வருகிற ஊர் இறங்கிப்போன ஊர். அதன் பிறகு கோயில் கூட்டத்திலும் கல்யாணப் பந்தியிலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் இரண்டு ஊரும் காத்திருக்கும், பயிர் காயும்.

இரண்டு ஊருமே முதலில் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. தலைமடையில் போய் 'அவங்க கேக்குறாங்க' என்றும், கடைமடையில் போய் 'அவங்க தர்றாங்க' என்றும் சொன்னது ஒரே ஆள், தலைவரம்மா. அவருடைய அம்மா இரண்டு ஊர் வயலிலும் கூலிக்கு நட்டவர். இரண்டு ஊரிலும் அவர் வாசல் வரை போய்ப் பேசலாம், யாருக்கும் அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றாது. எதை வைத்து அவரைச் சிறியவராக நினைத்தார்களோ, அதையே அவர் வழியாக்கிக்கொண்டார்.

சாரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதும்மா டிப்ளமசி! அப்படியே எழுதுங்க, ஒரு வரி விடாதீங்க."

எழுதினேன். அதற்கு முன்பும் பின்பும் நான் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை.

3. ஷோகேஸ்

தலைவரம்மாவின் சம்மதம் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். வசந்தா அம்மா இப்போது குத்தகைக்கு நிலம் பார்க்கிறார். பவர் டில்லரின் பெல்ட்டை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா. பதக்கம் தங்கமா, முலாமா?"

"முலாம்னுதான் நினைக்கிறேன்."

"முலாமா இருந்தா என்ன, பளபளன்னு இருந்தா சரி." கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "பூரா எம் மவன் கபடியில வாங்குன கப்பு. எல்லாரையும் புடிச்சு இழுத்தான்னு குடுத்தது. நான் ஒருத்தரையும் இழுக்கலன்னு ஒண்ணு குடுத்தா வேண்டாங்கவா போறேன்?"

நான் எழுதியதைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரித்தார், சத்தமில்லாமல். மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்ல மூளை உங்களுக்கு. எங்க வீட்டுக்காரருக்கே இது தெரியாது. இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

வரிசையாகச் சொன்னேன். தேர்வுக் குழு. இணையதளம். கூட்டுச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு ஊர்ப் பிரதிநிதிகள்.

"கோவிந்தராஜு அண்ணனும் ராமலிங்கமுமா?"

"ஆமாம்மா."

அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். அந்த வருடமும் தண்ணீர் குறைவு. கடைமடைக்கான நாற்று அப்போதுதான் தலைமடை வயலில் முளைத்து நின்றது. அது அங்கிருந்து பிடுங்கிக் கொண்டுவரப்பட வேண்டும், மணல் மூட்டையும் எடுக்கப்பட வேண்டும். கடைமடை கேட்கவேயில்லை என்று தெரிந்தால் தலைமடை எதற்காகத் தன் வயலை விட்டுக்கொடுக்கும்? தலைமடை தானாகத் தர முன்வரவேயில்லை என்று தெரிந்தால் கடைமடை எப்படி அந்த நாற்றைக் கை நீட்டி வாங்கும்?

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். "கிழிச்சுடுங்க."

"இது இல்லாம பதக்கம் கிடைக்காதும்மா."

"தெரியுது. எனக்கு ஆசையில்லன்னா நெனைக்கிறீங்க? புடவை என்ன கட்டுறதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்." தாள்களைச் சேர்த்து என்னிடம் கொடுத்தார். "நாத்து பெருசுங்க. டீ குடிக்கிறீங்களா?"

சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரைக் காப்பாத்தினவங்க யாருன்னு ஊருக்கே தெரியாம இருக்கணுமா?" என்று கேட்டார். நான் நாற்று எந்த வயலில் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, எடுத்துடுங்க" என்றார்.

4. இரண்டு பேனா

கூட்டுச் சான்றுக்கு ஊராட்சி அலுவலகத்தில் கூடினோம். கோவிந்தராஜு உட்கார்ந்ததும் கேட்டார்.

"அதுல யாரு முதல்ல வந்தாங்கன்னு போட்டிருக்கீங்களா?"

ராமலிங்கமும் நிமிர்ந்தார். "ஆமா, அதைப் படிங்க."

வசந்தா அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்தேன்: "தலைவர் முதலில் வந்தார். இரண்டு ஊருக்கும் அவரே நடந்து சென்று பேசினார்."

அது உண்மை. அதற்குமேல் அங்கே எதுவும் எழுதவில்லை. இருவரும் ஒரு கணம் யோசித்தார்கள். கோவிந்தராஜு, "அது சரிதான், அந்தம்மாதான வந்துச்சு" என்றார். ராமலிங்கம், "நாங்க மட்டும் இல்லங்கறோமா?" என்றார்.

அடுத்தது கையெழுத்து. யார் முதலில் போடுவது என்ற பேச்சு வருவதற்கு முன்பே நான் பிரதி இரண்டை இரண்டு மேசையில் வைத்தேன், பேனாவும் இரண்டு. ஒரே நேரத்தில் போட்டு, இடம் மாறிப் போட்டார்கள். வெளியே வரும்போது வசந்தா அம்மா என் காதருகே, "பேனா உங்களுதா, ஆபீசுதா?" என்றார்.

"ஆபீசுதும்மா."

"ரெண்டையும் பத்திரமா வச்சிருங்க."

நாற்று போயிற்று. டிராக்டர் டிராக்டராக, முடிச்சு முடிச்சாக. மூட்டைகளைத் தலைமடைக்காரர்களே எடுத்தார்கள். நான் ஷட்டர் அருகே நின்று அளவு குறித்தேன். அன்றுதான் என் அளவு நாடாவுக்கு வேலை வந்தது.

பதக்கம் வரவில்லை. பதிலில் ஒரு வரி: பரிந்துரைக்கப்பட்டவரின் தனிப்பட்ட பங்களிப்பு போதிய அளவு வெளிப்படவில்லை. அதை வசந்தா அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்டின்னா?"

"நீங்க என்ன செஞ்சீங்கன்னே தெரியலங்கறாங்க."

"டெல்லிக்கே தெரியலையா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்கேன்." போகும்போது, "இருந்தாலும் அடுத்த தடவையும் போட்டுப் பாருங்க" என்றார். போடுகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த மூன்றாம் பக்கம் இல்லாமல்தான்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போனது, எந்த வயலுக்குப் போனது, ஷட்டர் எந்த அளவில் நின்றது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதுங்கள். யார் முதலில் இறங்கி வந்தார்கள் என்ற கட்டம் படிவத்தில் இருந்தால், பயிர் அறுவடையாகும் வரை அதைக் காலியாக விடுங்கள். இந்த வாய்க்காலில் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு வயலில் பயிர் நிற்கிறது.