வளைவில் இறங்கி நடந்தவர்

ஆரோக்கியசாமியின் மகள் ஸ்டெல்லா காலையில் தொலைபேசியில் அழைத்தபோது, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் மகன் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "மாமா, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். கையிலிருந்த துண்டைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டு, அதன்பிறகுதான் "யாரும்மா?" என்று கேட்டேன். யார் என்று தெரியாமல் கேட்கவில்லை. வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

அடக்கத்தன்று கோவிலில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். வந்திருந்த எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக இதை எழுதித் தருகிறேன். உங்களில் பலருக்கு அவர் கோவில் பெஞ்சுகள் செய்து பாலீஷ் போட்ட தச்சர். எனக்கு அவர் பந்தய சைக்கிள் ஓட்டியவர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கிளப் இருந்தது. நான் ராசிபுரத்து நெசவுக் குடும்பம். பள்ளியில் கணக்கு ஆசிரியராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எனக்கு வேகமாக ஓட்டப் பயம். ஆனால் சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா, காற்று எத்தனை வேண்டும் என்று பார்ப்பதில் விருப்பம் உண்டு. ஆரோக்கியமும் நானும் ஒரே வயது. இருந்தாலும் முதல் நாளிலிருந்து என்னை "வாத்தியாரே" என்றுதான் அழைத்தார்.

கிளப்புக்குச் சொந்தமாக அசல் பந்தய வண்டி ஒன்றே ஒன்று. அதன் டயர் சாதாரண சைக்கிள் டயர் போல இருக்காது. டியூபை உள்ளே வைத்து, டயரைச் சுற்றி மூடித் தைத்திருப்பார்கள். அதைக் கோந்து தடவி ரிம்மின் மேல் ஒட்டவேண்டும். எங்களுக்கு அது தையல் டயர். எடை குறைவு, ஓட்டம் அதிகம். ஆனால் வழியில் பஞ்சர் ஆனால் ஒட்டுப் போட முடியாது. உரித்து எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டவேண்டும். கோந்து நன்றாகப் பிடிக்க ஓர் இரவாவது ஆகும். அந்த வண்டியில் ஆரோக்கியம் ஓட்டிய பந்தயம் எதையும் அதுவரை முடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் பஞ்சர். லாரி வைத்திருந்த எங்கள் செயலாளர் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "ஏஞ்சாமி, நாமக்கல் போயிட்டு வர்ற ரேசு வருது. அதையும் நீ முடிக்கலீனா வண்டிய வேற பையனுக்குக் குடுத்துருவேன். என்னைய நோகக்கூடாது." சொந்தமாக அப்படியொரு வண்டி வாங்குவது தச்சுப் பட்டறை வருமானத்தில் நடக்கிற காரியமல்ல. வண்டி போனால் ஆரோக்கியத்துக்குப் பந்தயமே போயிற்று.

சென்னையிலிருந்து வந்த இரண்டு ஜோடித் தையல் டயர்கள் எங்களிடம் இருந்தன. ஒன்று மெல்லியது, விரலால் அழுத்தினால் உள்ளே நூலோட்டம் தெரியும். மற்றது தடித்தது. வந்தவுடன் அவற்றை மாட்ட ஆரோக்கியம் விடவில்லை. "புது டயரு பச்ச மாங்கா மாதிரி. இருட்டுல தொங்கப் போட்டாத்தான் பழுக்கும்" என்றார். சேலத்தில் வெயில் படாத, சூடேறாத இடம் எங்கே இருக்கிறது? கோவிலில் பூசை உடுப்புகள் வைக்கும் அலமாரி அவர் அப்பா செய்தது. அதற்குள் தொங்கவிட்டார். பங்குச் சாமியார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆரோக்கியம், அவசரத்துல ஒருநாள் நான் டயர மாட்டிக்கிட்டுப் பீடத்துக்கு வந்துருவேன். அப்புறம் ஜனங்க என்னத்தான் திட்டும்" என்றார். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

எதை ஒட்டுவது என்ற கேள்வியை என்னிடம் விட்டார். இரண்டையும் வெல்லக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மெல்லியதே வேகம் என்பதில் சந்தேகமில்லை. பிறகு, புதுச்சத்திரம் சந்தை முடிந்த மறுநாள் காலை, என் சைக்கிளில் அந்தச் சாலையில் போய்ப் பார்த்தேன். வண்டி மாடுகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் வழியெங்கும் கிடந்தன. கைக்குட்டை நிறையப் பொறுக்கிவந்து பட்டறை மேசையில் கொட்டி, "தடித்ததை ஒட்டு" என்றேன். அவர் ஓர் ஆணியை எடுத்து உள்ளங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றார்.

மறுநாளே எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. தடித்த டயரில் எல்லோருக்கும் பின்னால் வந்தால் என்ன செய்வது? பட்டறைக்குப் போனேன். அவர் ஒட்டி முடித்து, சக்கரங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"ஆரோக்கியம், மெல்லியதே நல்லது என்று தோன்றுகிறது" என்றேன்.

"இப்பச் சொல்ற காரணம் நேத்தே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அது நேத்தே தோத்துப்போன காரணம். ஒட்டுன பொறவு பேச்சில்ல, வாத்தியாரே."

மெல்லிய டயர் ஒன்றை மடித்து, உபரியாக இருக்கைக்கு அடியில் வாரால் கட்டிக்கொண்டார்.

பந்தயத்தன்று செயலாளர் டயரைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க சாமி, ரேசுக்குப் போறீங்களா, கரும்பு லோடு ஏத்தப் போறீங்களா?" ஆரோக்கியம், "ரெண்டுந்தானுங்க. வர்றப்ப உங்களுக்கும் ரெண்டு கரும்பு கொண்டாரேன்" என்றார். நான் தண்ணீர்க் குடங்களோடு பின்னால் வரும் லாரியில் ஏறிக்கொண்டேன்.

நாமக்கல் போகும்வரை அவர் பின்தங்கியே இருந்தார். திரும்பும்போது நிலைமை மாறியது. முன்னால் போன ஒருவர் டயரில் ஆணி குத்தி நின்றார். சிறிது தூரத்தில் இன்னொருவர். புதுச்சத்திரத்தை நெருங்கும்போது ஆரோக்கியம் மூன்றாவதாக இருந்தார். என் கணக்கு சரியாக வருகிறதே என்று எனக்கே நம்பமுடியவில்லை.

புதுச்சத்திரத்தில் சாலையின் இருபுறமும் ஜனம். லாரி புறப்படும்போது சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பது லாரிக்காரர்களின் வழக்கம். பந்தயக்காரர்கள் நல்லபடி ஊர் போய்ச் சேரவேண்டும் என்று எங்கள் செயலாளர் அதே ஏற்பாட்டைத் தம் இன்னொரு லாரியின் டிரைவரிடம் சொல்லி, முன்னதாகவே அனுப்பிவைத்திருந்தார். டிரைவரும் குறை வைக்கவில்லை. ஒரு கூடைத் தேங்காயையும் தார்ச்சாலையில் சிதறவிட்டிருந்தார். ஓட்டுச் சில்லுகள் கத்தி போலக் கிடந்தன. லாட ஆணிக்கு அசையாத தடித்த டயரின் பக்கவாட்டைத் தேங்காய் ஓடு கிழித்துவிட்டது.

ஆரோக்கியம் இறங்கிப் பின் சக்கரத்தைக் கழற்றினார். பந்தயக்காரரைத் தவிர வேறு யாரும் சக்கரத்தைத் தொடக்கூடாது என்பது விதி. நான் பக்கத்தில் நின்றேன். கிழிந்த டயரைக் கட்டைவிரல்களால் ரிம்மிலிருந்து உரித்தார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. மெல்லிய டயரை ஏற்றிக் காற்றடித்தார். ரிம்மில் மிச்சமிருந்த பழைய கோந்துதான் பிடிப்பு. அது போதாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்த மாதிரி டயர் வளைவில் ரிம்மைவிட்டுப் பிதுங்கிக் கழன்றால் ஆள் தலைகுப்புற விழவேண்டியதுதான்.

"ஆரோக்கியம், லாரியில் ஏறிவிடு" என்றேன். "வண்டி போனால் போகட்டும்."

"நேராப் போனா கழறாது வாத்தியாரே. வளைவுலதான் கழறும்."

"சேலம்வரை வளைவே இல்லையா?"

"இருக்குது. அங்க நான் ஓட்டமாட்டேன்."

"பின்னே?"

"நடந்து வாரேன்" என்று சொல்லி ஏறிப் போனார்.

அப்படியே செய்தார். நேர்ச் சாலையில் குனிந்து மிதித்தார். பெரிய வளைவு வந்ததும் பிரேக்கை மெல்லப் பிடித்து இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, சாலை நேரானதும் மறுபடி ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். மல்லூருக்கு வரும்போது அவருக்குப் பின்னால் எங்கள் லாரி மட்டும் இருந்தது. லாரியில் ஏறிவிட்டிருந்த மற்றப் பந்தயக்காரர்கள் முதலில் கேலி பேசினார்கள். மல்லூர் தாண்டியபின், அடுத்த வளைவு எங்கே என்று எல்லோரும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஊருக்குள் நுழையும் கடைசி வளைவில் நல்ல கூட்டம். மாலைகூடத் தயாராக இருந்தது. முதலில் வந்தவருக்குப் போட்டது போக மிச்சம். அத்தனை பேர் முன்னால் ஆரோக்கியம் இறங்கினார். யாரோ கத்தினார்: "ஏனுங்க, நடை ரேசுங்களா இது?" இன்னொருவர், "வண்டிய நீங்க ஓட்டறீங்களா, வண்டி உங்கள மேய்க்குதா?" என்றார். சிரிப்பு அடங்கவில்லை. ஆரோக்கியம் தலை குனியவும் இல்லை, நடையைக் கூட்டவும் இல்லை. "வண்டிக்கு எளைப்புங்க. கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே வளைவைக் கடந்தார். பிறகு ஏறி, எல்லைக்கோடுவரை எழுந்து நின்று மிதித்தார். முடித்தவர்களில் அவரே கடைசி.

செயலாளர் ஓடிவந்து பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். டயர் விரலுக்கே நகர்ந்தது. தேங்காய் உடைக்கச் சொன்னது யார் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. "முடிச்சுப்போட்டான்ல. வண்டி அவன்கிட்டயே இருக்கட்டும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அந்த வண்டியை ஆரோக்கியம் பல வருடம் ஓட்டினார், சில பந்தயங்களில் முதலாவதாகவும் வந்தார். அவற்றை நினைவுவைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

டயரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனோ என்று அன்று மாலை அவரிடம் கேட்டேன். "புதுச்சத்திரம் வரைக்கும் அது நல்ல டயரு. அதுக்கப்பறம் இது நல்ல டயரு" என்றார். நான் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். சரி, தப்பு என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றைக் கரும்பலகையில் எழுதியதில்லை. அவருடைய பதிலை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அவருடைய உளிகளையும் இழைப்புளியையும் பேரன்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு எது வேண்டும் மாமா என்று ஸ்டெல்லா கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்குரியது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது: ஊரே பார்த்துச் சிரிக்கும்போது, பந்தயத்தின் நடுவில், வண்டியைத் தள்ளிக்கொண்டு அவசரமில்லாமல் நடந்து போகிற ஒரு மனிதர்.