துரை சொன்ன 'நாங்க'

அவன் பெயர் தூரே. நான் துரை என்றுதான் கூப்பிடுவேன். அதற்கு என் மொழியில் என்ன அர்த்தம் என்று இதுவரை சொன்னதில்லை. சொன்னால் கூச்சத்திலேயே பாதி உயிர் போய்விடும். துரைத்தனம் மருந்துக்கும் இல்லாத ஆள்.

எண்பத்து மூன்றில், குளிர்நாட்டு ஊரான கோதன்பர்க்கில், ஒரு கார் கம்பெனியின் பந்தயக் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்தது. பக்கத்து மேசை அவனுடையது. மூன்று மாதம் காலை வணக்கம் தவிர வாயைத் திறக்கவில்லை. நாலாவது மாதம் தன் காப்பிக் குடுவையை என் பக்கம் நகர்த்தினான். இந்த ஊரில் அது கட்டிப்பிடித்துக்கொள்வதற்குச் சமம்.

அப்போது எங்கள் கையில் இருந்தது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற குடும்பக் கார். அதைப் பந்தயத்தில் ஓடவிட வேண்டும். தீப்பெட்டி மாதிரி சதுரம். மற்ற கம்பெனிக்காரர்கள் ஆறு, எட்டு சிலிண்டர் என்று கொண்டுவந்தார்கள். எங்களுக்கு நாலே சிலிண்டர், கூடவே ஒரு டர்போ. என்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், நிமிஷத்துக்கு லட்சம் சுற்று. அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், பலமும் கூடும். ஆனால் அமுக்கிய காற்று சுடும், அதுதான் வினை. சூட்டில் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கும், பிஸ்டனில் ஓட்டை விழும். வாரத்துக்கு ஒரு என்ஜினைக் குப்பையில் போட்டோம்.

எண்பத்து நாலு அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை துரை ஒரு காகிதத்தோடு வந்தான். அதில் வரைந்திருந்தது கார்க் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா, சின்ன பம்பு ஒன்று, ஊசித்துளை போட்ட ஒரு முனை. காற்று போகும் குழாய்க்குள் தண்ணீரைப் புகைபோலத் தெளிப்பது. ஆவியாகும்போது அது சூட்டைத் தின்றுவிடும். "என்ஜினைக் குளிப்பாட்டிவிடப் போறியா?" என்று மானேஜர் சிரித்தார். அந்த வாரம் எந்த என்ஜினும் சாகவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தீப்பெட்டி ஊர் ஊராகப் போய் ஜெயித்தது.

"எப்படித் தோணுச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆவிக்குளியல் அறையில இருந்தோம். மாலின் கரண்டில தண்ணி மொண்டு சூடான கல்லுமேல ஊத்தினா. 'அப்பா, கல்லுக்குக் கோவம் போயிடுச்சு'ன்னா. அவ்வளவுதான்."

மாலின் அவன் ஒரே மகள். அப்போது ஆறு வயது.

கார் ஜெயித்த வருஷமே மனைவி மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சனி ஞாயிறெல்லாம் கொட்டகையில் கிடந்தவனை யார்தான் பொறுப்பார்கள்? அதன் பிறகு அவன் சமையலறையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. மாலின் வருஷத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவாள், கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும். ஒரு தடவை கேட்டாளாம்: "அந்தக் காருல நீங்க என்னதான் பண்ணீங்க? நட்டு முடுக்கினீங்களா?" இதை அவன் என்னிடம் சொன்னது இருபது வருஷம் கழித்து, ஏதோ செய்தி சொல்வது போல.

அந்த வெற்றிக்கு முப்பதாவது வருஷம் வந்தது. அன்று கட்டிய ஆறு பந்தயக் கார்களில் இரண்டுதான் மிச்சம். ஒன்றைக் காட்சிக்கூடத்தில் வைத்து விழா எடுத்தார்கள். பழைய ஆட்களை மேடையேற்றிக் கேள்வி கேட்பார்களாம், பதிலைக் காருக்குப் பக்கத்தில் பலகையில் எழுதி வைப்பார்களாம். மாலின் வருகிறேன் என்றாள். துரை அதை என்னிடம் மூன்று தடவை சொன்னான். அந்த வருஷங்கள் எங்கே போயின என்று மகளுக்குக் காட்ட அவனுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

என் வீட்டில் உட்காரவைத்துப் பழக்கினேன்.

"சொல்லு. தண்ணி யோசனை யாரோடது?"

"நாங்க..."

"யோவ்! 'நான்'னு சொல்லுய்யா. தொண்டையில மீன்முள்ளா மாட்டியிருக்கு?"

"எல்லாரும் சேர்ந்துதானே பண்ணோம்."

"ஆமா, நான் காப்பி போட்டேன், நீ கண்டுபிடிச்ச. சரியாப் போச்சு."

சிரித்தான். பத்தாவது தடவை 'நான்' வந்தது, அதுவும் திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவன் குரலில். இந்த ஊர்க்காரர்களின் அடக்கம் எனக்குப் பல நேரம் எரிச்சலைத்தான் கிளப்பும்.

விழாவில் மாலின் கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மேடையில் கேள்வி கேட்ட பெண் நேராகவே கேட்டாள்: "தண்ணி தெளிக்கிற யோசனை யாருக்கு வந்துச்சு?"

துரை கூட்டத்தைப் பார்த்தான். மகளைக் கண்டுபிடித்தான். முகம் மலர்ந்தது.

"நாங்க பண்ணோம்," என்றான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவன் கண் போன இடத்தைப் பார்த்ததும் புரிந்தது. எங்கள் தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. இவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். எதிரே இருப்பவர் அதற்குள் சேர்த்தியா இல்லையா என்று கேட்கிறவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அவன் சொன்னது 'நாம்'. மாலின் காதில் விழுந்தது 'நாங்கள்', அவளை வெளியே நிறுத்திய அந்தப் பழைய கொட்டகைக் கூட்டம். எழுந்து போய்விட்டாள்.

கார் நிறுத்துமிடம்வரை ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன்: "அவன் சொன்ன 'நாங்க'ல நீயும் இருக்கம்மா. அந்த யோசனை உன்னாலதான் வந்துச்சு. நீ கல்லுமேல தண்ணி ஊத்தின நாள்..."

"அந்த நாள் தெரியும்," என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆவி பட்டு என் கை வெந்துபோச்சு. நான் கத்திக்கிட்டிருந்தேன். அவர் துண்டைக் கட்டிக்கிட்டுக் காகிதம் தேடி ஓடினார். திரும்பி வரவே இல்ல. அம்மாதான் வந்து தூக்கினாங்க."

இடது கையை நீட்டினாள். இரண்டு விரலில் தோல் மற்ற இடத்தைவிட வெளுப்பாக, மழமழவென்று இருந்தது. அவள் கார் கிளம்பிப் போய்விட்டது.

உள்ளே கூட்டம் காப்பிக்குப் போயிருந்தது. துரை மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்றான். அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அதே அளவுக்கு அழுகையும் வந்தது.

"போயிட்டாளா?"

"அவசர வேலையாம்."

"அந்த ஞாயித்துக்கிழமை... அவளுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி ஊத்தினது?"

"எல்லாம் ஞாபகம் இருக்காம். கையைக்கூட மறக்கலையாம்."

அவன் சிரித்தான். முப்பது வருஷத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் பார்த்ததில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து என்னிடம் அளவு காட்டினான்.

"கரண்டி பிடிச்ச கை... இத்தனூண்டு கை," என்றான்.