மேடையில் நான் கூட்டிச் சொன்னது

எங்கள் மண்டலத் தலைவர் தெலுங்கில் பேசுவார். நான் அதை மைக்கில் தமிழில் சொல்வேன். ஆந்திர எல்லையில், தடாவுக்கு மேற்கே இருக்கும் தமிழ் ஊர்களில் அவருக்கு ஓட்டு விழுந்ததில் என் தொண்டைக்கும் பங்குண்டு. சர்பஞ்சாக, அதாவது ஊராட்சித் தலைவராகத் தொடங்கியவர் அவர். கோடையில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி வராதபோது, தானே டிராக்டர் ஓட்டிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தார். அவரை நம்பாதவர் யாருமில்லை. நானும் நம்பினேன்.

பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அப்போது எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய தொழிற்சாலைக்கு நிலம் கேட்டார்கள். நிலமில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்திருந்த நிலம் அது. என் அப்பாவுக்கும் அதில் ஒரு ஏக்கர் உண்டு. ஊரார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் தலைவருக்கு எம்.எல்.ஏ. சீட்டு நிச்சயம் என்று கட்சியில் பேச்சு.

கூட்டத்துக்குப் போகும் வழியில், ஜீப்பில், தலைவர் என் பக்கம் திரும்பித் தெலுங்கில் சொன்னார்.

“மேடையில ஆபீசருங்க இருப்பாங்க. நான் அளந்துதான் பேசணும். நீ தமிழ்ல வீட்டுக்கு ஒரு வேலை நிச்சயம்னு சொல்லிடு.”

நான் தலையாட்டினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல வெயில். தலைவர், “உத்யோகாலகு ப்ரயத்னம் சேஸ்தாம்” என்றார். நான், “வீட்டுக்கு ஒரு வேலை நிச்சயம்” என்றேன். கைதட்டல் எழுந்தது. சம்மதப் படிவங்கள் வரிசை வரிசையாகப் போயின. மூன்றாவது வரிசையில் இருந்த அப்பா, கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டார்.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். சென்னையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்தவள்.

“அண்ணா, அவரு ப்ரயத்னம்னுதானே சொன்னாரு? முயற்சி பண்றோம்னு அர்த்தம். நீ நிச்சயம்னு சொல்லிக்கினு கீற. எது நெஜம்?”

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அதிகாரிகளும் பார்த்தார்கள். அப்பாவின் விரல் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

“அந்தம்மா சொல்றதுதான் சரி,” என்றேன். “நிச்சயம்னு நானா சேத்துட்டேன்.”

கூச்சல் கிளம்பியது. படிவங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா மேடையருகே வந்து, “பெத்தவன்கிட்டயே பொய் சொல்றியாடா?” என்று கேட்டார். யார் சொல்லச் சொன்னது என்று நான் சொல்லவில்லை. தலைவரும் வாய் திறக்கவில்லை. நான் ஏறுவதற்குள் ஜீப் போய்விட்டது.

வேலை விவரம் எழுத்தில், அதுவும் தமிழில், வரும்வரை ஊரார் கையெழுத்துப் போடவில்லை. பல மாதங்கள் கழித்து அது வந்த பிறகுதான் தொழிற்சாலைக்கு நிலம் போனது. அதற்குள் சீட்டு வேறொருவருக்குப் போனது. அதற்கடுத்த தேர்தலில் தலைவர் மண்டலப் பதவியையும் இழந்தார். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

பல வருடம் கழித்து திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கூட யாருமில்லை, கையில் ஒரு மருந்துப் பை. அவரே வந்து என் தோளைத் தொட்டார்.

“அன்னிக்கு என் பேரைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லலை?”

“பயம், சார்.”

“எனக்கும் அதான்பா,” என்றார்.

தொழிற்சாலையில் எங்கள் வீட்டுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்தார். தம்பிக்குக் கிடைத்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்றேன். சித்தூர் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறச் சிரமப்பட்டார். பையை நான் வாங்கிக்கொண்டேன்.