முளைத்த பொட்டுக்கடலை

பந்தல்குடி பால்வாடியில் நாங்கள் சிலேட்டில் படித்ததைவிட மண்ணில் படித்ததுதான் அதிகம். ஈரமண்ணில் விரலை வைத்து இழுத்தால் 'ட'. புளியங்கொட்டையை வளைத்து அடுக்கினால் 'ப'. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நகக்கண்ணெல்லாம் கரிசல். "படிக்கப் போனியா, களையெடுக்கப் போனியா?" என்று அம்மா அலுத்துக்கொண்டே கழுவிவிடுவாள்.

ஒருநாள் டீச்சர் ஆளுக்கொரு தேங்காய்ச் செரட்டையைக் கொடுத்து மண் நிரப்பச் சொன்னார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு விதை கொண்டுவந்து நட வேண்டுமாம். அன்று சாயங்காலம் சவுதியில் வேலை பார்த்த அத்தா போன் பண்ணினார்; எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். "எப்ப வருவீக?" என்று வழக்கம்போல் கேட்டேன். எப்போதும் அடுத்த மாசம் என்பவர், செரட்டைக் கதையைக் கேட்டுவிட்டு, "உன் விதை முளைக்கட்டும் தங்கம், அத்தா வந்துருவேன்" என்றார். அம்மா வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

காலையில் சட்னிக்கு வைத்திருந்த டப்பாவைத் திறந்து, என் கையில் ஒரு பிடி பொட்டுக்கடலையைப் போட்டாள். "இந்தா, இதுதேன் விதை." வழியெல்லாம் தின்றுகொண்டே போய், மிஞ்சிய ஒன்றை நட்டேன்.

சன்னல் ஓரத்தில் எல்லாச் செரட்டையும் வரிசையாக இருந்தன. மற்றவர்களின் பாசிப்பயறும் கம்பும் பச்சைப் பச்சையாகக் கிளம்பிவிட்டன. கம்பு போட்ட பையன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, என்ன அலட்டல்! என் செரட்டையில் வெறும் மண்தான் இருந்தது.

மத்தியானம் சத்துமாவு உருண்டையைத் தின்றுவிட்டுப் பாயில் படுப்போம். ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் போகிற சத்தம் தரைக்குள்ளிருந்து வருவதுபோலிருக்கும். கண் சொருகும் நேரம் என் செரட்டை மட்டும் பெரிதாகும். மண் மெல்ல விரியும். முதலில் அத்தாவின் தொப்பி, பிறகு மீசை, பிறகு தோளில் தூக்கிய பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இடுப்புவரை முளைத்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதற்குள் ஆயா தட்டி எழுப்பிவிடும். பாழாய்ப்போன ஆயா! ஒருநாளாவது அத்தாவின் கால் முளைக்க விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நான் அழுத அழுகையில் டீச்சர் ஓடிவந்தார். காரணம் சொல்லத் தெரியவில்லை, செரட்டையைக் காட்டினேன். விரலால் மண்ணைக் கிளறி ஊறிப்போன கடலையை எடுத்துப் பார்த்தவர், வாயைப் பொத்திக்கொண்டார். "திங்கக்கிழமை பாரு புள்ள, முளைச்சிருக்கும்" என்றார்.

முளைத்திருந்தது! தலையைக் குனிந்துகொண்டு ஒரு சின்ன முளை. அது டீச்சர் போட்ட தட்டாம்பயறு என்பதெல்லாம் பெரியவளான பிறகு நானாகக் கண்டுபிடித்தது. அன்று டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் செரட்டையை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, முளைச்சிருச்சு! அத்தா வாராக!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "எது முளைச்சது?"

"நீ குடுத்த கடலைதேன்."

செரட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்ணைக் கிளறிப் பார்க்கவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்து, அத்தாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி, முற்றத்து வெயிலில் காயப்போட்டாள். எனக்கென்றால் ஒரே சந்தோஷம்.

அத்தாவின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்த விஷயம் அம்மாவுக்குத் தெரியும், அப்போது எனக்குத் தெரியாது. அவர் வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் அன்று இருட்டும்வரை அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அத்தா வருகிறார், வழி பார்க்கிறாள், இதிலென்ன என்றுதான் நான் நினைத்தேன். முளைக்கவே கூடாது என்றுதான் அவள் எனக்குப் பொட்டுக்கடலையைக் கொடுத்தனுப்பினாள் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே புரிந்தது!