இருவாச்சியின் வாசலில்

போன சனிக்கிழமை ஒரு மரப்பொந்துக்கு எதிரே, நாற்பது அடி தள்ளி, உட்கார்ந்திருந்தேன். நான், என் மனைவி, நண்பர் ரங்கநாதன். மூன்று குடை, பன்னிரண்டு இட்லி. அட்டைக்குப் பயந்து எனக்கு மட்டும் இரண்டு ஜோடி சாக்ஸ்.

மைசூரிலிருந்து இருட்டோடு கிளம்பினால் விராஜ்பேட்டை தாண்டி, மழைக்காட்டை ஒட்டிய காபித் தோட்டம். தோட்டக்காரர் ரங்கநாதனுக்கு வேண்டியவர். பொந்துக்குள் இருவாச்சிப் பறவை.

இருவாச்சியின் குடித்தனம் தெரியுமா? பெண் பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல்தான் மிச்சம். குஞ்சு ஓரளவு வளரும்வரை வெளியே வராது. சாப்பாடு ஆண் கொண்டுவர வேண்டும். வராவிட்டால்... பட்டினிதான்.

ஓய்வுபெற்ற பிறகு நான் படமெடுத்த பறவைகள் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இது இருநூறாவது. எனக்கு எழுபத்து நாலு வயது, முழங்கால் இரண்டும் தகராறு. அடுத்த வருஷம் இந்த மேடு ஏறுவேன் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

ஆண் வந்தது. இறக்கைச் சத்தத்துக்கு நானே குனிந்துகொண்டேன். ஆனால் பொந்துக்கு வரவில்லை. பக்கத்து மரத்து இலைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எங்களையே பார்த்தது. தொண்டை புடைத்திருந்தது — அத்தனையும் அத்திப்பழம். கிளிக்கினேன். படத்தில் கறுப்பாக ஏதோ விழுந்தது. காக்கா என்றாலும் நம்பலாம். பறந்துபோயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் அதே பார்வை, அதே ஓட்டம்.

படமெடுப்பவனுக்கு ஒரு மயக்கம் உண்டு — கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று.

“ஏனுங்க, நம்மளப் பாத்துத்தான் அது கிட்ட வர மாட்டேங்குது,” என்றாள் மனைவி. ஹனூர்க்காரி, கொங்குப் பேச்சு. மரியாதை குறையாமல் குத்துவாள்.

“ஸ்வல்ப இருங்கம்மா, பழகிடும்,” என்றார் ரங்கநாதன்.

“பழகற வரைக்கும் உள்ள இருக்கறவ பட்டினி கெடக்கணுங்களா? நீங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்கே ஆளுக்கு நாலு இட்லி முடிச்சாச்சு.”

இன்னும் பத்து நிமிஷம் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது கீறலில் ஓர் அலகு நுனி தெரிந்தது. வெளியே நீண்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. உள்ளே போய்விட்டது.

டிரைபாடை மடக்கினேன்.

“சார், உங்க டபுள் செஞ்சுரி...” என்றார் ரங்கநாதன்.

“எழுந்திருங்க,” என்றேன்.

காபிச் செடிகளுக்குள் வெகுதூரம் பின்வாங்கினோம். அங்கிருந்து என் லென்ஸுக்குப் பறவை ஒரு புள்ளி. ஆளுக்கொரு பைனாகுலரை எடுத்தோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆண் நேராகப் பொந்துக்கே வந்தது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து, கீறலுக்குள் கொடுத்தது. அவ்வளவு பெரிய அலகில் அவ்வளவு பதவிசு!

நான் இருபத்து மூன்று எண்ணினேன்.

“இருபத்திரண்டுங்க. ஒண்ணு கீழ விழுந்திருச்சு,” என்றாள் மனைவி.

“விழுந்தாலும் கொண்டுவந்தது கொண்டுவந்ததுதானே?”

“கொண்டாந்தது கணக்கில்லீங்க. அவ வாய்க்குப் போனதுதான் கணக்கு.”

காரிலும் விடவில்லை. ஹுன்சூர் தாண்டுவதற்குள் நான் இருபத்திரண்டுக்கு இறங்கி வந்துவிட்டேன்.