பூஜ்யத்தில் உட்கார்ந்தவள்

தையல்காரர் மகளுக்குக் கல்லூரியில் முதல் வாரமே வயிறு எரியத் தொடங்கிவிட்டது. காரணம், பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள். பள்ளிக்கூடத்திலேயே புரோகிராம் எழுதிப் பழம் தின்று கொட்டை போட்டவள். அதனால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் ‘பழம்’. இவளோ கம்ப்யூட்டரைத் தொட்டதே இங்கே வந்துதான். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. இது என்ன நியாயமோ!

முதல் நாள் சார், “வரிசையில முதல்ல இருக்கிறதுக்கு என்ன நம்பர்?” என்று கேட்டார்.

“ஒண்ணு சார்” என்று எழுந்து நின்று சொன்னாள் இவள்.

“பூஜ்யம்!” என்றாள் பழம், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“அதான் சரி. கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும்” என்றார் சார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பூஜ்யத்தைக் கண்டாலே இவளுக்கு ஆகாது. பழம் ஏதாவது சொல்லித்தர வந்தால், “எனக்கே தெரியும்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெரியாது என்பது வேறு விஷயம்.

செய்முறைத் தேர்வு வந்தது. தேறாவிட்டால் வேறு துறைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்பாவிடம் மல்லுக்கட்டிச் சேர்ந்த படிப்பு! வகுப்பில் இருப்பவர்களின் பெயர்களை வரிசை எண்படி திரையில் வரவழைக்க வேண்டும், அதுதான் கேள்வி. முதல் பெயரே பழத்தினுடையது. அதிலுமா!

பொருமிக்கொண்டே புரோகிராமை எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தாள். எல்லார் பெயரும் வந்தது. பழத்தை மட்டும் காணோம்.

ஆகா! எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி இருந்தது இவளுக்கு. பழம் இல்லாத வகுப்பு! எங்கே தப்பு என்று பார்க்காமல் அதையே ரசித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், பாவி.

“ஒரு ஆள் குறையுதேம்மா” என்றது பின்னாலிருந்து சாரின் குரல். “இப்படியே குடுத்தா ஃபெயில்தான். இன்னும் நேரம் இருக்கு, பாரு.”

எழுதியதை வரி வரியாகத் தேடினாள். எண்ணத் தொடங்கும் இடத்தில் வீம்பாக உட்கார்ந்திருந்தது அவளுடைய ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழித்துவிட்டுப் பூஜ்யத்தைப் போட்டாள். எல்லாருக்கும் மேலே ஜம்மென்று வந்து உட்கார்ந்தாள் பழம்.

தேர்வு முடிந்து எழுந்தபோது பழம் இவள் திரையை எட்டிப் பார்த்தாள். “என்னடி, கடைசியில என்னையும் சேர்த்துக்கிட்டியா?”

“சேர்த்துக்காட்டி ஃபெயில் ஆக்கிடுறாங்களே” என்றாள் இவள். தேறிவிடுவோம் என்று தெரிந்தும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.