பாண்டி அண்ணனுக்கு ரெண்டாவது போஸ்டர்

எங்காத்தா மேல சத்தியமா இதுல ஒரு வார்த்த பொய்யில்ல. மதுரயில கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுறவன் நான். சுவத்துல மூஞ்சி வரணும்னு இந்த ஊரு மக்க உசுர விடுவாக. உசுர விட்டப்புறம் எங்கிட்ட வருவாக. உங்க வீட்டுப் படமும் எதாச்சும் சுவத்துல இருக்கும், அதனால காத குடுங்க.

ஆஸ்பத்திரியில இருக்காராம்

வில்லாபுரத்துல ஜாக்கெட்டு தைக்கிற தனம் அக்கா. அது வீட்டுக்காரரு பாண்டி அண்ணே, ஸ்கூல் வேன் ஓட்டுனவரு, நெஞ்சு வலியில போய்ட்டாரு. கருமாதி விசேசத்துக்கு நாந்தேன் மாட்டுத்தாவணி வரைக்கும் போஸ்டர் ஒட்டுனேன். படத்துல அம்புட்டுச் சிரிப்பு.

கொஞ்ச நாள் கழிச்சு திருப்பூர்லருந்து அண்ணனோட கூட்டாளி அக்காவுக்குப் போன் போட்டாரு. "தங்கச்சி, ஆபரேசனுக்குப் பணம் பத்தலன்னு பாண்டி மெசேஜ் போட்டான், அனுப்பிட்டேன். இப்ப எப்டி இருக்கான்?" அந்த மனுசனுக்கு அண்ணே செத்ததே தெரியாது. அக்கா கத்திரிக்கோல கீழ வச்சுட்டுச் சொல்லுச்சு: "மாலையோட சுவத்துல இருக்காருண்ணே."

என் பசை

அக்கா எங்கிட்ட வந்து போன நீட்டுச்சு. அண்ணே பேருல எவனோ புதுக்கணக்குத் தொறந்து, அவரு கூட்டாளிக எல்லார்ட்டயும் பணத்துக்குக் கைய நீட்டிருக்கான். அந்தக் கணக்குல இருந்த அண்ணே படத்தப் பெருசாக்குனேன். காலர் மேல குறுக்க ஒரு மடிப்பு. அட, அவசரத்துல நான் தேச்ச பசை மடிப்பு! சுவத்துப் போஸ்டரயே படம் புடிச்சிருக்கான். செத்தவரு சண்டைக்கு வரமாட்டாருங்குற தைரியம்.

பசை வாளிய எறக்கிட்டு அக்காவ வண்டியில ஏத்திக்கிட்டு சைபர் கிரைமுக்குப் போனேன். ஏட்டையா நல்ல மனுசன். திருப்பூர்க்காரரு உடனே அவரு பேங்குக்குச் சொல்லிப் புகார் குடுக்கணும், மெசேஜ அழிக்காம வைக்கணும், சொந்தபந்தம் எல்லாரும் அந்தக் கணக்கப் போலின்னு ரிப்போர்ட் அடிக்கணும்னாரு. பாதிக்கப்பட்டவர் பேரு எழுதுற எடத்துல பேனா நின்னுபோச்சு. "யாரு பேரம்மா எழுத? அவரு பேரா, ஒம்பேரா?"

பச்சப் புள்ளி

எல்லாரும் ரிப்போர்ட் அடிச்சோம். அக்கா மட்டும் அடிக்கல. "ஏங்க்கா, வெரலு சுளுக்கிருச்சா?"ன்னு கிண்டலடிச்சேன். அழுதுருச்சு. அண்ணே பேருகிட்ட பச்சப் புள்ளி எரியுறப்ப, எங்கயோ முழிச்சிருக்காருன்னு தோணுதாம். தாங்கமாட்டாம ஒரு நா ‘சாப்டீங்களா’ன்னு கேட்டிருக்கு. ‘சாப்ட்டேன் செல்லம், நீ?’ன்னு வந்திருக்கு.

அக்கா கண்ணத் தொடச்சுட்டு ரிப்போர்ட்ட அமுக்குச்சு. "இத்தன வருசத்துல அந்த மனுசன் என்னைய ஒரு தடவ செல்லம்னு கூப்ட்டதில்ல தம்பி. கூப்ட்டிருந்தா ஏமாந்திருப்பேன்."

மறுபடியும் சுவத்துக்கு

அந்தக் கணக்கு போச்சு. நாளைக்கே இன்னொன்னு மொளச்சா? அக்காவே சொல்லி ரெண்டாவது போஸ்டர் அடிச்சோம்: ‘பாண்டி காலமாகிவிட்டார். அவர் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.’ ஒரே ஆளுக்கு ரெண்டாந்தடவ சாவு சொல்றது எனக்கு இதுதேன் மொத தடவ. அக்காவும் கூட வந்துச்சு. ஒட்டிட்டு, பிரஷ்ஷ எடுத்து அண்ணே படத்து மேல பசை பூசப் போனேன். கையப் புடிச்சுக்கிச்சு. "கண்ணுல படாமப் பூசு தம்பி, எரியும்."

ஆக, சாமான் செட்டத்தான் பூட்டி வைக்கலாம், மூஞ்சிய எங்கிட்டுப் பூட்டி வைக்கிறது மக்கா. கத கேட்டதுக்கு ஒரு டீயும் ரெண்டு வடையும் நேர்ல கையில குடுங்க, என் மூஞ்சிய வச்சு எவனாச்சும் போன்ல கேட்டா மட்டும் குடுத்துறாதீக.